ஆடும் ஒற்றைக்கால்

மேசை ஆடுகிறதா என்று சோதிக்க ரப்பரைவிட நல்ல கருவி கிடையாது. கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளை, நோட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் பரபரவென்று அழிக்கும்போது வீட்டுச் சாப்பாட்டு மேசை அசையாமல் நிற்கும். அதே பிள்ளை ஒரு கேம்பர் வண்டிக்குள், எதிரெதிரான இரண்டு இருக்கைகளுக்கு நடுவே ஒற்றைக் குழாயின்மேல் நிற்கும் மேசையில் அழித்துப் பார்க்கட்டும். எதிரே அம்மாவின் காபி சிந்தும். அப்பாவின் லேப்டாப் திரை தலையாட்டும். சன்னலோரம் வைத்த உப்புக் குப்பி மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கிளப்பிக்கொண்டு போகும் வண்டிவீடு வேறு ரகம். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர், வேனுக்குள்ளேயே அமைத்த அறை, பஸ் நீளத்துக்கு மோட்டார் வீடு என்று அதில் பல உருவங்கள் உண்டு. பொதுப்பெயர் ஆர்.வி.; பேச்சுவழக்கில் கேம்பர். இந்தியானா மாநிலத்தில் உள்ள எல்கார்ட் நகருக்கு ‘உலகின் ஆர்.வி. தலைநகரம்’ என்றே பெயர். சுற்றுவட்டாரம் முழுக்க வண்டித் தொழிற்சாலைகள். இந்தத் தொழிலின் வரலாற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. அந்தத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் பெரும்பாலான வண்டிகளில் ‘டினெட்’ என்ற சாப்பாட்டு மூலை ஒன்று இருக்கும். அதன் நடுவில்தான் நமது ஒற்றைக்கால் மேசை.

பகலில் மேசை, இரவில் கட்டில்

ரயிலில் சைடு லோயர் பெர்த்தில் போனவர்களுக்கு டினெட்டைப் புரிந்துகொள்வது எளிது. பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கை. இரவில் இரண்டின் முதுகையும் நடுவே சாய்த்தால் படுக்கை. டினெட்டில் நடுப்பள்ளத்தை மூடுவது மேசைப்பலகை. காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பலகையை இருக்கைகளின் விளிம்பில் உள்ள மரச் சட்டங்களின்மேல் இறக்குவார்கள். மேலே மெத்தைகளைப் பரப்பினால் இரண்டு பேர் படுக்கலாம்.

இந்த யோசனை கேம்பருக்கு முந்தியது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் புல்மன் ரயில் பெட்டிகளிலேயே பகல் இருக்கைகள் இரவில் படுக்கைகளாயின. 1936-இல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற அலுமினிய டிரெய்லர், நான்கு பேர் தூங்கும் வண்டியாக விற்பனைக்கு வந்தது. அதன் சாப்பாட்டு மூலையும் இரவில் படுக்கையாக மாறியது. சின்ன இடத்தில் ஒரே பொருள் இரண்டு வேலை செய்தாக வேண்டும் என்பது அன்று முதல் இந்தத் தொழிலின் விதி.

விதிக்கு விலை உண்டு. தினமும் கழற்றி மாட்டவேண்டிய காலை ஆணியடித்து நிரந்தரமாக நிறுத்த முடியாது. நான்கு கால் வைத்தால் இருக்கைக்குள் நுழைபவரின் முழங்காலில் இடிக்கும். ஆகவே நடுவில் ஒரு கால், கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பிடுங்கும்படி.

ஒற்றைக்கால் மேசையே தவறான வடிவம் என்று சொல்லிவிட முடியாது. பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஏரோ சாரினென், மேசை நாற்காலிகளுக்கு அடியில் தெரியும் கால்களின் நெரிசல் கண்ணை உறுத்துகிறது என்று சொல்லி, நோல் (Knoll) என்ற அறைக்கலன் நிறுவனத்துக்காக 1950-களில் ஒற்றைத்தண்டு மேசையை வடிவமைத்தார். டூலிப் மலரின் பெயரால் அழைக்கப்படும் அந்த மேசை இன்றும் விற்பனையில் இருக்கிறது. அது அதிகம் ஆடாது. காரணம், அகலமான, கனமான வார்ப்பு உலோக அடிப்பாகம். வீட்டு மேசை தன் கனத்தால் நிற்கலாம். வண்டியில் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் என்ஜின் இழுக்க வேண்டும் என்பதால் கேம்பர் மேசைக்கு அந்த வசதி இல்லை. கனத்துக்குப் பதில் அதைத் தரையோடு பிடித்துவைப்பவை சில ஸ்க்ரூக்கள். ஆட்டத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

டம்ளருக்குள் டம்ளர்

பெரும்பாலான கேம்பர்களில் இருக்கும் மேசைக்கு நான்கே உறுப்புகள். தரையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிய வட்டமான தரைத்தட்டு. அதன் நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் செருகும் உலோகக் குழாய். அமெரிக்க வண்டிகளில் வழக்கமான விட்டம் இரண்டேகால் அங்குலம், நீளம் 27½ முதல் 31½ அங்குலம் வரை. குழாயின் மறுமுனை செருகுவதற்கு, பலகையின் அடியில் தரைத்தட்டைப் போலவே ஒரு மேல்தட்டு. அதற்கு மேலே பலகை.

குழாயின் இரண்டு முனைகளும் நேராக இல்லாமல் லேசாகக் கூம்பியிருக்கும். குழியும் அதே அளவுக்குக் கூம்பியிருக்கும். எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வைத்தால் சில சமயம் பிரிக்கவே முடியாமல் சிக்கிக்கொள்ளும் அல்லவா? அதே தத்துவம். சரிவு மிகக் குறைவாக இருக்கும் இரண்டு கூம்புகள் ஒன்றையொன்று கவ்வினால், உராய்வே பூட்டாகிவிடும். ஆணியும் வேண்டாம், நட்டும் வேண்டாம். லேத் பட்டறைகளில் டிரில் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் ‘மோர்ஸ் டேப்பர்’ இதே வேலையைத்தான் செய்கிறது. 1860-களில் அமெரிக்கரான ஸ்டீஃபன் மோர்ஸ் உருவாக்கிய அந்தக் கூம்பின் சரிவு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரிதான்.

பட்டறையில் அந்தக் கூம்பு கடைந்து தேய்த்த எஃகு. கேம்பரில் மெல்லிய குழாயும் வார்ப்புத் தட்டும். அதுவும் தரையோடு தரையாக, மணலும் ரொட்டித் துகளும் நாய் முடியும் விழுகிற இடத்தில். டம்ளருக்குள் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அடுத்த டம்ளர் சரியாக உட்காராது. நசுங்கிய டம்ளரும் உட்காராது. கேம்பர் மேசையின் பாதி நோய்கள் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

பத்து கிலோ முப்பதாகும் கணக்கு

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்கு தேவை. தரைத்தட்டின் ஓரத்துக்கு நேர்மேலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மேசை விளிம்பில் ஒருவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுக்கும் பாரம் வெறும் 10 கிலோ. தரைத்தட்டின் அந்த ஓரத்தை மையமாகக் கொண்டு மேசை சாய முயலும். எதிர் ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரூக்கள் அதைத் தடுக்க வேண்டும். அவற்றுக்குக் கிடைக்கும் இடைவெளி சுமார் 12 சென்டிமீட்டர். 38-ஐ 12-ஆல் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். ஆக, மேலே ஊன்றிய 10 கிலோ, கீழே ஸ்க்ரூவைப் பிடுங்கும் 30 கிலோவாக மாறுகிறது. பக்கவாட்டில் தள்ளினால் நிலைமை இன்னும் மோசம். மேசை உயரம் 75 சென்டிமீட்டர் என்றால் பெருக்கம் ஆறு மடங்கு. நீளமான கம்பியால் பாறையை நெம்புகிறவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே நெம்பப்படுவது வண்டியின் தரை.

அசைவும் இப்படியே பெருகும். குழியின் ஆழம் 5 சென்டிமீட்டர், அதற்குள் குழாய்க்கு அரை மில்லிமீட்டர் மட்டும் இடைவெளி என்று கொண்டால், 70 சென்டிமீட்டர் உயரத்தில் அது 7 மில்லிமீட்டர் ஆட்டம். கீழே கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி மேலே காபியைச் சிந்த வைக்கிறது. அதனால்தான் மேசை ஆடும்போது எல்லோரும் பலகையைப் பிடித்துப் பார்க்கிறார்கள். கோளாறோ பெரும்பாலும் பலகையிலிருந்து எட்டி, ஏதோ ஓர் இணைப்பில் ஒளிந்திருக்கும்.

ஓட்டல் மேசையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாததால் வரும் ஆட்டம் அது. காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால் போதும். கோளாறு காலில் இல்லாமல் தரையின் மேடுபள்ளத்தில் இருந்தால், மேசையைக் கொஞ்சம் சுற்றித் திருப்பினாலே நான்கு காலும் தரையில் பதியும் ஓர் இடம் கிடைக்கும் என்பதைக் கணித ஆய்வாளர்கள் நிரூபித்தும் இருக்கிறார்கள். ஒற்றைக்காலுக்கு அட்டையும் உதவாது, திருப்பலும் உதவாது.

விரல் வைத்துப் பார்க்கும் வைத்தியம்

முதலில் சந்தேகப்பட வேண்டியது மேசையை அல்ல, வண்டியை. டயர்களின்மேலும் ஸ்பிரிங்குகளின்மேலும் நிற்கும் கேம்பர், உள்ளே ஒருவர் நடந்தாலே லேசாக ஊசலாடும். அதனால்தான் முகாம் இடத்தில் நிறுத்தியதும் நான்கு மூலைகளிலும் நிலைநிறுத்தும் ஜாக்கிகளை இறக்குவார்கள். ஜாக்கியை இறக்கிய பிறகு சமையல் மேடையில் ஒரு தம்ளர் தண்ணீர், மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, ஒருவரை உள்ளே நடக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் நடுங்கினால் குற்றவாளி வண்டி. மேசைத் தண்ணீர் மட்டும் அலைந்தால் விசாரணை தொடரலாம்.

அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேசையின் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுகிறார். மற்றவர் டார்ச்சோடு தரையில் படுத்து, ஒவ்வோர் இணைப்பின் மீதும் விரலைக் குறுக்காக வைக்கிறார். விரலின் பாதி ஒரு பாகத்தில், மறுபாதி அடுத்த பாகத்தில் படும்படி. இரண்டு பாகங்களும் சேர்ந்தே அசைந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று நின்று மற்றொன்று அசைந்தால் விரல் நுனி உடனே சொல்லிவிடும். தரைக்கும் தரைத்தட்டுக்கும் நடுவே, தரைத்தட்டுக்கும் குழாய்க்கும் நடுவே, குழாய்க்கும் மேல்தட்டுக்கும் நடுவே, மேல்தட்டுக்கும் பலகைக்கும் நடுவே என்று இந்த நான்கு இடங்களையும் கீழிருந்து மேலாகப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் கடைக்குப் போய்ப் புதிய கால் வாங்கி வந்து மாட்டுகிறவர்கள் ஏராளம். ஸ்க்ரூ தளர்ந்த தரையில் புதிய காலும் பழையபடியே ஆடும்.

குழி தேய்ந்தால்

ஆட்டம் குழாய்க்கும் தட்டுக்கும் நடுவே என்றால் செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது: சுத்தம் செய்வது. காலைப் பிடுங்கி, குழிக்குள் இருப்பதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, ஈரத் துணியால் துடைத்து உலர விட வேண்டும். குழாயின் கூம்பு முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அலுமினியத்தின் அரிப்பு. பாத்திரம் தேய்க்கும் நாரால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. கழற்றுவது சுலபமாகும் என்று தடவுபவர்கள் உண்டு. உராய்வால் நிற்கும் பூட்டில் உராய்வைக் கெடுத்தால் பூட்டு எங்கே நிற்கும்? துடைத்த பிறகு காலைக் குழியில் நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே கால் வட்டம் திருகினால் கூம்பு கவ்வுவது கையிலேயே தெரியும்.

அப்படியும் ஆடினால் கூம்பு தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இடத்தை நிரப்பப் பலரும் எடுப்பது கருப்பு இன்சுலேஷன் டேப்பை. அது ரப்பர் போல் மிருதுவானது; சில நாள் இறுக்கமாக இருந்து, பிறகு நசுங்கிப் பிதுங்கிவிடும். ஏசி குழாய்களுக்கு ஒட்டும் அலுமினிய டேப் ஒரு சுற்று போட்டால் கூடுதல் நாள் தாங்கும். இன்னும் உறுதியாக வேண்டுமானால் காலியான குளிர்பானக் கேனை வெட்டி எடுத்த பட்டை நல்ல மாற்று. கேனின் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம்தான். குழாயைச் சுற்றி ஒரு சுற்று வைத்தால் விட்டத்தில் 0.2 மில்லிமீட்டர் கூடும். வெட்டிய ஓரம் பிளேடு போல் இருக்கும் என்பதால் கையுறை அவசியம். பட்டையின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அந்த ஓர் இடம் மட்டும் தடித்து, கால் சாய்ந்து நிற்கும்.

குழாயின் முனை நசுங்கி நீள்வட்டமாகியிருந்தால் டேப்பு ஒட்டி மல்லுக்கட்டுவதில் பயனில்லை. சிக்கிய காலை இரும்புச் சுத்தியலால் அடித்துக் கழற்றியவர்களின் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். சிக்கினால் இரண்டு கையாலும் திருகியபடி மேலே இழுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ரப்பர் சுத்தியலால் குழாயின் அடியில் சுற்றிச் சுற்றித் தட்டலாம். நசுங்கிய காலை மாற்றுவதுதான் வழி.

ஸ்க்ரூ சுழன்றுகொண்டே இருந்தால்

விரல் சோதனை பல வண்டிகளில் காட்டிக்கொடுப்பது தட்டுகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை. இறுக்கிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போனால் முதல் ஆச்சரியம் காத்திருக்கும்: ஸ்க்ரூவின் தலையில் கோடும் இல்லை, கூட்டல் குறியும் இல்லை, சதுரக் குழி இருக்கிறது. கனடாவின் பி. எல். ராபர்ட்சன் 1908 வாக்கில் உருவாக்கிய வடிவம் இது. பிட் வழுக்காமல் உட்காரும் என்பதால் வேகமாக வேலை நடக்கும் ஆர்.வி. தொழிற்சாலைகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆகவே அமெரிக்க கேம்பரைப் பழுதுபார்க்கக் கிளம்புகிறவர் சதுர பிட் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இறுக்கும்போது ஸ்க்ரூ கெட்டியாகிக்கொண்டே வந்து நின்றால் வேலை முடிந்தது. முடிவில்லாமல் சுழன்றால் மரத்தில் அதன் பிடி போய்விட்டது. கேம்பர் தரை பெரும்பாலும் மெல்லிய பிளைவுட். பல வண்டிகளில் அதற்கு அடியில் மரமே கிடையாது, வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பலகைதான். மேசைப்பலகையோ பல வண்டிகளில் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. அதன்மேல் மரம் மாதிரித் தெரியும் லேமினேட் தாள். மரத்தூள் பலகையில் ஸ்க்ரூ போட்ட துளை ஒருமுறை உதிர்ந்துவிட்டால் அதே ஸ்க்ரூ மறுபடி பிடிக்காது. தண்ணீர் பட்டு ஊதிப்போனால் இன்னும் மோசம்.

சின்ன சேதத்துக்கு நம்மூர் ஆசாரிகளுக்குத் தெரிந்த வைத்தியமே போதும்: துளைக்குள் மரப்பசை விட்டு, தீக்குச்சிகளை நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் துருத்தும் பகுதியைச் சீவிவிட்டு மறுபடி ஸ்க்ரூ போடுவது. துளை பெரிதாகச் சிதைந்திருந்தால் அதை வட்டமாகத் துளைத்துப் பெரிதாக்கி, மர உருளையைப் பசையோடு அடித்து இறக்குவார்கள். அல்லது எபாக்ஸி ஊற்றி இறுகவிட்டுப் புதிதாகத் துளையிடுவார்கள். பவர் டிரில்லால் ஸ்க்ரூ போடுவதானால் வேகத்தையும் இறுக்கத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கடைசிச் சுற்றுகளைக் கையால் திருகுவது மேல். துளையைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி அவசரச் சுற்றுதான்.

நீளமான ஸ்க்ரூ போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அளந்து பார்க்காமல் போட்டால், மேல்தட்டில் போட்ட ஸ்க்ரூ சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் கூர்முனையைக் காட்டும். தரையில் ஆபத்து அதைவிடப் பெரிது. தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ ஓடலாம். மேசை இருக்கும் மூலை, பொத்தானை அழுத்தினால் வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீளும் ‘ஸ்லைடு-அவுட்’ அறையாக இருந்தால் இன்னொரு சிக்கல்: சில வண்டிகளில் அந்த அறையின் அடித்தரை உருளைகளின்மேல் சறுக்கி உள்ளே வரும். தரையை ஊடுருவி வெளியே நீட்டிய ஸ்க்ரூ அங்கே மாட்டிக்கொள்ளும்.

தரையே மெத்தென்று அமுங்கினால் ஸ்க்ரூவை மறந்துவிட வேண்டியதுதான். சன்னலிலிருந்தோ கூரை மூலையிலிருந்தோ கசிந்த தண்ணீர் சுவர் வழியாக இறங்கி பிளைவுட்டை மக்க வைத்திருக்கும். தட்டைக் கழற்றிவிட்டு ஒரு கூரான ஊசியால் குத்திப் பார்த்தால் தெரியும். நல்ல மரம் தடுக்கும், மக்கிய மரம் வெண்ணெய் போல் விடும். கசிவை அடைத்து, மக்கியதை வெட்டி எடுத்துப் புது மரம் பொருத்தாமல் மேசையை நிமிர்த்த முடியாது.

பாரத்தைப் பரப்பும் வழி

மூன்று மடங்கு, ஆறு மடங்கு என்று மேலே பார்த்த கணக்கைத் தலைகீழாக்கினால் நிரந்தரத் தீர்வு கிடைக்கும். ஸ்க்ரூவின் பலத்தைக் கூட்டுவதைவிட, ஸ்க்ரூக்களுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டுவது பலன் தரும். அரை அங்குலக் கனமுள்ள நல்ல பிளைவுட்டில் ஓரடிச் சதுரத்தை வெட்டி, பலகையின் அடிப்பக்கத்தில் பசை பரப்பி ஒட்டி, ஓரங்களில் குட்டை ஸ்க்ரூக்களும் போட்டு, அதன் நடுவில் மேல்தட்டைப் பொருத்துவது இந்த வகைப் பழுதுபார்ப்பில் மிகவும் நம்பகமான முறை. மேல்தட்டை மர ஸ்க்ரூவுக்குப் பதில் போல்ட்டால் இறுக்க விரும்புபவர்கள், ஒட்டுவதற்கு முன்பே பிளைவுட்டின் மறுபக்கத்தில் டி-நட்டுகளை அடித்து வைத்துவிடுவார்கள். போல்ட்டுக்கு உலோக மரை கிடைப்பதால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் துளை உதிராது. தரையிலும் அடியில் கை நுழையும் இடமாக இருந்தால், கீழே ஓர் உலோகத் தகடு வைத்து போல்ட்டை ஊடுருவவிட்டு இறுக்கலாம்.

இதைவிட எளிய தந்திரம் ஒன்று உண்டு. டினெட் மேசையின் ஒரு பக்கம் பெரும்பாலும் சன்னல் சுவரை ஒட்டியே இருக்கும். அந்தச் சுவரில், மேசை உயரத்தில் ஒரு மரச் சட்டமோ எல் வடிவ உலோகப் பட்டையோ பொருத்தி, பலகையின் ஓரத்தை அதில் உட்காரவைத்து ஒரு கொக்கியால் மாட்டிவிட்டால் ஆட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒற்றைக்கால் தனியாக நின்றபோது எல்லாத் திசையிலிருந்தும் வரும் நெம்பலை அந்தச் சில ஸ்க்ரூக்களே தாங்கின. இப்போது சுவரும் கைகொடுக்கிறது. காலுக்கு மேலிருந்து அமுக்கும் பாரத்தைத் தாங்குவதே முக்கிய வேலையாகிறது. அதற்குக் குழாய் தாராளம். பல தொழிற்சாலை மேசைகள் இப்படித்தான் வருகின்றன: ஒரு பக்கம் சுவர்ப் பட்டை, மறுபக்கம் கால்.

சுவரில் ஸ்க்ரூ போடும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். கேம்பர் சுவர் வீட்டுச் சுவர் அல்ல. மெல்லிய பலகைத் தோலுக்குப் பின்னால் நுரை, நடுநடுவே மட்டும் மரச் சட்டம் அல்லது அலுமினியச் சட்டம். ‘டொப் டொப்’ என்ற வெற்றொலி, சட்டம் இருக்கும் இடத்தில் ‘டக்’கென்று மாறும். அந்த இடம்தான் பாரத்தைத் தாங்கும்.

சுவரை ஒட்டாத மேசை என்றால் இரண்டாவது கால் போடலாம். நீளமான டினெட் மேசைகளுக்குப் பல தொழிற்சாலைகள் தொடக்கத்திலேயே இரண்டு கால் வைத்துவிடுகின்றன. ஒற்றைக்கால்தான் வேண்டும் என்பவர்களுக்குப் படகுச் சாமான் கடைகளில் வேறு ரகங்கள் கிடைக்கின்றன. அலையில் ஆடும் படகில் கூம்பை மட்டும் நம்ப முடியாது என்பதால், மரை போட்டுத் திருகி இறுக்கும் கால்களைச் செய்கிறார்கள். தரையில் கால் ஊன்றாமல், இருக்கைப் பெட்டியின் பக்கச் சுவரிலிருந்து நீளும் உலோகக் கை மேசையைத் தாங்கும் ரகமும் உண்டு. லாகுன் என்ற பெயரில் வேன் கேம்பர்களில் பரவலாகப் பார்க்கலாம். மேசையை எந்தப் பக்கமும் சுழற்றலாம், தரை காலியாக இருக்கும். ஆனால் நெம்புகோல் கணக்கிலிருந்து அதற்கும் விலக்கு இல்லை. பாரம் முழுதும் அந்தப் பெட்டிச் சுவரில் இறங்கும். மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் மாட்டினால் மேசை ஆடுவதற்குப் பதில் பெட்டியே ஆடும். உள்பக்கமாகத் தடித்த பலகை கொடுத்து போல்ட் போட்ட பிறகே அதை மாட்ட வேண்டும்.

பயணத்தின்போது மேசையை நிறுத்தியே வைத்திருப்பதும் ஆட்டத்துக்கு ஒரு காரணம். சாலையின் ஒவ்வொரு குழியிலும் பலகையின் கனம் அந்தச் சில ஸ்க்ரூக்களை நெம்புகிறது. ஆளில்லாத மேசையே ஆயிரம் முறை ஆடி முடித்துவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் வண்டி கிளம்புமுன் காலைக் கழற்றி, பலகையைப் படுக்கை நிலைக்கு இறக்கிவிடுகிறார்கள். படுக்கை நிலையில் பாரம் முழுக்க இருக்கைகளின் சட்டங்களில்தான். தட்டுகளுக்கு வேலையே இல்லை.

திரும்ப மாட்டும்போது அவர்கள் பார்க்கும் இன்னொரு விஷயம், குழாயில் போட்டிருக்கும் மார்க்கர் கோடு. குழாயின் இரண்டு முனைகளும் ஒன்றுபோலவே தெரிவதால் இன்று கீழே இருந்த முனை நாளை மேலே போய்விடும். ஆனால் பல மாதம் சேர்ந்து தேய்ந்த கூம்பும் குழியும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். தலைகீழாக மாட்டினால் அந்தப் பொருத்தம் போய்விடும். ஆகவே ஒரு முனையில் ‘கீழ்’ என்று எழுதி, குழாயிலிருந்து தரைத்தட்டு வரை நேராக ஒரு கோடு இழுத்து வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கோட்டோடு கோடு சேரும்படி மாட்டுவது வழக்கம். சில நாள் கழித்து அந்தக் கோடு விலகியிருந்தால், யாரும் காபியைச் சிந்துவதற்கு முன்பே கால் தளர்ந்திருப்பது தெரிந்துவிடும். மேசையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, கோடு சேரும்வரை காலைத் திருகிவிட்டு, பிள்ளையை மறுபடி கணக்குப் போடச் சொல்கிறார்கள்.